அண்ணன் குரலைத் தேடிய சபாபதி

சபாபதி இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் பூந்தமல்லி டெண்டுக் கொட்டகையில் படம் ஓட்டும் தட்சிணாமூர்த்தி. கோடம்பாக்கத்தில் இப்போது நான் வேலை பார்க்கும் லாபரட்டரியின் வாசலில், சைக்கிளைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். இருட்டறையிலிருந்து வெளியே வந்த எனக்கு வெயிலில் அவர் முகம் உடனே பிடிபடவில்லை.

"இன்னா தட்சிணா, இவ்ளோ தூரம்?"

"சபாபதி அண்ணாத்தே பூட்டாரு. வெடியக்காலம் ஆச்சு. ஒங்களாண்ட சொல்லிட்டு வான்னு அவுங்க அண்ணி அனுப்பிச்சாங்க."

எதிர்பார்த்திருந்த செய்திதான். மார்நோய் முற்றி, வைத்தியர்கள் கைவிட்டு வெகுநாளாகியிருந்தது. ஆனாலும் தட்சிணாமூர்த்தியிடம் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ரயில் மாறி, பிறகு வயல் வழியாக நடந்து மண்ணூர்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். வீட்டைக் கழுவிவிட்ட ஈரம் வாசலில் அப்படியே இருந்தது. அவருடைய அண்ணி அலமேலு அம்மாள் நடையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "மொகத்தக்கூட பாக்காம பூட்ச்சே அண்ணா ஒங்களுக்கு" என்றார்.

சபாபதியோடு வேலை பார்த்த நாங்கள் இன்று மூலைக்கொருவராக இருக்கிறோம். எங்கள் ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது யாரோ கடலை பயிரிட்டிருக்கிறார்கள். ஒன்றாகக் கூடி அவரைப் பற்றிப் பேச ஒரு கூரை எங்களுக்கு மிச்சமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டிய மாந்தோப்பில் இருந்தது அந்த ஸ்டூடியோ. ஒலிப்பதிவுக்கு அதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைத்திருக்காது. சுவர்களுக்குச் சணல் சாக்கு அடித்திருந்தோம். அது ரயில் சத்தத்தைத் தடுக்கவில்லை. ஒருமுறை சென்னையிலிருந்து வந்த பெரிய நடிகை ஒருவர் புருஷன் பிணத்தின் மேல் விழுந்து அழும் காட்சி எடுத்துக்கொண்டிருந்தோம். அழுகை உச்சத்துக்கு ஏறியபோது சபாபதி ஒலிப்பதிவு அறையிலிருந்து வெளியே வந்து கையைக் காட்டி நிறுத்திவிட்டார். தூரத்தில் அரக்கோணம் வண்டி விசில் ஊதியிருந்தது. அந்த அம்மாள் கோபத்தில் எழுந்து, ஒரு ரயிலுக்காகத் தன்னுடைய அழுகையை நிறுத்துவதா என்று கத்தினார்.

சபாபதி சாந்தமாகச் சொன்னார்: "நீங்க திருப்பி அழுவலாம்மா. அந்த விசில என்னால வெளிய எடுக்க முடியாது."

அவர் பேச்செல்லாம் இப்படித்தான் இருக்கும். மண்ணூர்பேட்டையில் கிணறும் நிலமும் உள்ள குடும்பம். பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஏரைத் தொடாமல், வடக்கிலிருந்து வந்த ஒரு சவுண்டு இன்ஜினீயரிடம் வேலை பழகினார். ஊரில் அவரை மரியாதையாக நினைத்தவர்களும் உண்டு, உருப்படாமல் போனவர் என்று நினைத்தவர்களும் உண்டு.

தட்சிணாமூர்த்திக்கும் அவருக்கும் சிநேகம் ஏற்பட்டதே ஒரு சண்டையில்தான். நாங்கள் ஒலி சேர்த்த படம் ஒன்று பூந்தமல்லி கொட்டகைக்கு வந்திருந்தது. சபாபதியும் நானும் மாலை ஆட்டத்துக்குப் போனோம். முதல் பாட்டிலேயே கதாநாயகியின் குரல் இறங்கி இறங்கி, மீசை வைத்த ஆள் பாடுவதுபோல் ஆகிவிட்டது. சபாபதி ஜனங்களைத் தாண்டிக்கொண்டு மெஷின் அறைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"இன்னாயா பண்றே? பொம்பளய ஆம்பளயா ஆக்கிட்டியே!"

"ஆயில் இன்ஜின் மூச்சு வாங்குது சார். மெஷின் மெதுவா சுத்துது. நான் இன்னா பண்ணுவேன், குந்திகினு கையால தள்ளவா?" என்றார் தட்சிணாமூர்த்தி.

அன்று படம் முடியும்வரை இரண்டு பேரும் இன்ஜின் பக்கத்தில் நின்று அதைத் தாஜா செய்துகொண்டிருந்தார்கள். திரும்பி நடந்து வரும்போது சபாபதி சொன்னார்: "கண்ணு எதையும் பொறுத்துக்கும் பெருமாளு. காது பொறுக்காது." அதை அன்று நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

யுத்தம் வந்து கச்சா பிலிம் கிடைக்காமல் போனபோதுதான் நான் சொல்லவந்த விஷயம் ஆரம்பித்தது. புதிய படம் எடுக்க வழியில்லை. எங்கள் முதலாளியிடம், அவர் ஊமைப் பட நாளில் எடுத்த படம் ஒன்றின் நெகடிவ், தகர டப்பாக்களில் பத்திரமாக இருந்தது. அதற்கு ஒலி சேர்த்து, பேசும் படமாக்கி வெளியிடலாம் என்று அவருக்கு யோசனை. கையிருப்பில் இருக்கும் கொஞ்ச பிலிமே போதும் என்று கணக்குப் போட்டார்.

அந்தப் படத்தில் ராஜாவாக நடித்தவர் ஏகாம்பரம். சபாபதியின் அண்ணன், அலமேலு அம்மாளின் கணவர். நாடக மேடையில் நல்ல பெயர் எடுத்துக்கொண்டிருந்த பாடகர். படப்பிடிப்பு முடிந்த கொஞ்ச நாளில் காலராவில் போய்விட்டார். அலமேலு அம்மாளுக்கு அப்போது சிறு வயது, குழந்தை கிடையாது. படம் சென்னையில் ஓடியபோது அவர் துக்கத்தில் மூலையில் இருந்தார். புருஷன் நடித்த படத்தை அவர் பார்த்ததே இல்லை.

முதலாளி யோசனையைச் சொன்ன மறுநாள் சபாபதி என்னிடம் வந்து, "அண்ணன் வாயத் தொறந்து பாடற எடம் ஒண்ணு அதுல கீது பெருமாளு" என்றார்.

கதைப்படி ராஜா நாட்டை விட்டுப் போகுமுன் மனைவியிடம் விடைபெறும் இடம் அது. படம் ஊமைதான், ஆனாலும் உணர்ச்சி வரவேண்டும் என்பதற்காக, ஏகாம்பரம் முன்பே பாடியிருந்த கிராமபோன் தட்டு ஒன்றை அம்பத்தூர் ஏரிக்கரையில் போட்டு, அதோடு சேர்ந்து அவரைப் பாடச் சொல்லிப் படம் பிடித்திருந்தார்கள். அந்தத் தட்டு இன்னமும் சபாபதி வீட்டில் இருந்தது. வாய் ஒரு பக்கம் இருக்கிறது, குரல் ஒரு பக்கம் இருக்கிறது, இரண்டும் ஒரே பாட்டு. சேர்த்தால் போதும் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஊமைப் பட நாளில் காமிராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்குப் பதினாறு பிரேம் என்பது பொதுக்கணக்கு. பேசும் படம் வந்தபோது விநாடிக்கு இருபத்து நான்கு என்று நிலையாக வைத்துவிட்டார்கள். ஒலி பிலிமின் ஓரத்திலேயே ஓடுவதால் வேகம் மாறினால் குரலும் மாறிவிடும். பழைய படத்தைப் புதிய மெஷினில் அப்படியே ஓட்டினால் மனிதர்கள் பொம்மைபோலக் குதிப்பார்கள். மெஷினை மெதுவாக்கினால் ஆட்கள் ஒழுங்காக நடப்பார்கள், குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, இரண்டு பிரேமுக்கு ஒன்றை இரட்டித்து அச்சடிப்பது. பதினாறு இருபத்து நான்காகிவிடும். பிரிண்டு போடுவது என் வேலை. தட்டை ஓட்டி ஒலியைப் பிலிமில் ஏற்றுவது சபாபதி வேலை. முதல் பிரிண்டை ஓட்டிப் பார்த்தபோது பாட்டின் முதல் அடி உதட்டோடு அப்படியே பொருந்தியது. சபாபதி என் கையை நசுங்கும்படி பிடித்துக்கொண்டார். இரண்டாவது அடியில் குரல் முன்னால் ஓட ஆரம்பித்தது. பாட்டு முடிந்த பிறகும் ஏகாம்பரம் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்.

காமிராவைச் சுற்றிய கை ஒரே சீராகச் சுற்றவில்லை. அந்த ஆள் எந்த ஊருக்குப் போனாரோ, யாருக்கும் தெரியாது. அதோடு முதலாளியும் யோசித்துப் பார்த்து ஒன்று சொன்னார்: "கிராமபோனுக்கு நான்தான்யா சாவி குடுத்தேன். நடுவுல சாவி எறங்கிடுச்சி. திருப்பி முடுக்கினேன்." அப்படியென்றால் ஏரிக்கரையில் தட்டு ஓடிய வேகமும் தெரியாது. தட்டைப் பதிவு செய்தபோது எந்த வேகத்தில் வைத்தார்கள் என்பதும் தெரியாது. தட்டின் மேல் கம்பெனி எழுதியிருந்த வேகத்தில் போட்டால் குரல் சற்றுக் கீச்சென்று இருப்பதாக சபாபதிக்குச் சந்தேகம். ஆனால் அவருக்கே நிச்சயமில்லை. அண்ணன் நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போனவர். தம்பி அவர் குரலைக் கேட்டது கொஞ்சம்தான்.

"அண்ணிக்குத் தெரியும்" என்றார்.

ஒரு நாள் பகல் வேளையில் ஒற்றை மாட்டு வண்டியில் அலமேலு அம்மாளை அழைத்துவந்தார். கதவுகளைச் சாத்திவிட்டுப் படத்தை ஓட்டினோம். ஏகாம்பரம் திரையில் வந்ததும் அந்த அம்மாள் முன்னால் குனிந்து, "ஐயோ, இன்னா இப்பிடி எளச்சிகீறாரு! கம்பெனில சோறே போடலியா?" என்றார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன். பாட்டு ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது அவுரு கொரலு இல்ல தம்பி. ஏதோ சின்னப் பையன் பாடறாப்பல கீது."

சபாபதிக்கு அன்று இருந்த சந்தோஷத்தை நான் பிறகு எப்போதும் பார்க்கவில்லை. "பாத்தியா, காது காட்டிக் குடுத்துட்ச்சு. இனிமே அளவுகோலு கெடச்சாச்சு" என்று என்னிடம் சொன்னார். குரல் எந்த வேகத்தில் சரியோ அதை முதலில் கண்டுபிடித்துவிட்டால், அதற்குத் தகுந்தபடி பிரேம்களை எங்கே இரட்டிப்பது, எங்கே விடுவது என்று அடிக்கு அடி கணக்கிடலாம். குருட்டு வேலை இல்லை. முடியக்கூடிய வேலைதான்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்படி ஒரு தட்டுச் சுழற்றியைச் சீர்செய்து வீட்டில் வைத்தார். வேலை இல்லாத நாளெல்லாம் அண்ணியை உட்காரவைத்துத் தட்டைப் போடுவார். கொஞ்சம் மெதுவாக, இன்னும் கொஞ்சம் மெதுவாக, மறுபடி சற்று வேகமாக. "இதுவா அண்ணி? இதுவா?" முதலில் அந்த அம்மாள் தயங்கவே இல்லை. ஒன்றைக் கேட்டு, "இதான்! இதேதான்!" என்று அழுதார். அந்த வேகத்துக்கு நான் ஒரு பிரிண்டு போட்டேன். அடுத்த வாரம் இன்னொன்றை, அரைச் சுரம் கீழே இருந்ததை, அதேபோல் "இதான்" என்றார். அதற்கும் பிரிண்டு போட்டேன்.

சபாபதி சுருதியைத் தேடிக்கொண்டு சென்னீர்குப்பத்துக்குப் போனார். ஏகாம்பரத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அங்கே இருந்தார். மேடையில் நாலரைக் கட்டையில் பாடுவாரே, தட்டிலும் அதுதானே என்று சபாபதி கேட்டார். அது தெரிந்தால் போதும். ஆர்மோனியத்தோடு ஒத்துப்பார்த்து வேகத்தை நிச்சயப்படுத்திவிடலாம். "தட்டு போட்ட அன்னிக்கி அவனுக்குத் தொண்டை கட்டிகினு இருந்துது. சுருதிய எறக்கினோம். எவ்ளோ எறக்கினோம்னு நெனப்பு இல்ல நைனா" என்றார் ஆர்மோனியக்காரர்.

அந்த வழியும் மூடிவிட்டது. சபாபதி மறுபடியும் அண்ணியிடமே வந்தார்.

மண்ணூர்பேட்டை வீட்டில் நான் இருந்த ஒரு மதியம் அது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். சபாபதி தட்டைப் போட்டார். அலமேலு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சபாபதி வேகத்தை மாற்றினார், அவர் மறுபடி கேட்டார். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, அந்த அம்மாள் கையை நீட்டித் தட்டையே பிடித்து நிறுத்திவிட்டார்.

"வோணாம் தம்பி. எத்தப் போட்டாலும் அவுரு மாதிரியே கீது. எதுவும் அவுரா இல்ல."

"நல்லா யோசிச்சிப் பாருங்க அண்ணி. ஊட்ல பேசுவாரே, கூப்புடுவாரே, அத்த நெனச்சிக்குங்க."

"அதான் சொல்றேனே. இத்தினி வருசமா கண்ண மூடினா கூப்புடுவாரு. இப்போ கண்ண மூடினா இந்தத் தட்டுதான் சுத்துது. அவுரு எப்பிடிக் கூப்புட்டாருன்னு எனக்கே தெரியல."

சபாபதி எழுந்து கொல்லைப்பக்கம் போனார். திரும்பிவர வெகுநேரம் ஆனது. அந்த வீட்டில் அதன் பிறகு அந்தத் தட்டை யாரும் போடவில்லை.

முதலாளிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தாலும் காத்திருக்க அவரிடம் பிலிம் இல்லை. "ஜனங்க உதட்டையா பாத்துகினு இருப்பாங்க?" என்று சொல்லி, இருந்த பிரிண்டையே பூந்தமல்லி கொட்டகையில் ஒருநாள் மாலை ஓட்டிப் பார்த்தார். தட்சிணாமூர்த்தி இன்ஜினைக் குழந்தையைப்போலக் கவனித்துக்கொண்டார். அன்று அதில் ஒரு குறையும் இல்லை. விடைபெறும் பாட்டு வந்தது. குரல் முடிந்தது. திரையில் ஏகாம்பரம் கண்ணில் நீரோடு இன்னும் பாடிக்கொண்டிருந்தார்.

முன்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: "டேய், கொரலு பூட்ச்சுடா! வாயி மட்டும் போயிகினே கீது!"

கொட்டகையே சிரித்தது. சிலர் பாட்டை முடித்துக்கொடுப்பதுபோல ஊளையிட்டார்கள். சபாபதி திரைக்குப் பக்கத்தில் கம்பத்தோடு நின்றிருந்தார். அவர்கள் சிரித்ததில் தவறில்லை. யார் இருந்தாலும் சிரித்திருப்பார்கள். சபாபதியும் அவர்களைத் திட்டவில்லை. படம் முடியும்வரை நின்றுவிட்டு, தட்சிணாமூர்த்தியிடம் "இன்ஜின நல்லா ஓட்டினே" என்று மட்டும் சொன்னார்.

முதலாளி அந்த யோசனையைக் கைவிட்டார். சில மாதத்தில் ஸ்டூடியோவையும் மூட வேண்டியதாயிற்று. சாமான்கள் போய்க்கொண்டிருந்த நாளில் சபாபதி அண்ணன் படத்தின் டப்பாக்களைக் கேட்டு வந்தார். தட்டை அண்ணி கேட்கமாட்டார், படத்தையாவது ஊமையாகவே அவருக்குக் காட்டலாம் என்பது அவர் நினைப்பு. மெஷினைக் கையால் மெதுவாகச் சுற்றினால் போதுமே. டப்பாக்கள் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. பழைய பிலிமைக் கழுவி வெள்ளியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வளையல் செய்ய வாங்கிப்போகும் வியாபாரி ஒருவர் வந்துபோயிருந்தார். நெகடிவ், நான் போட்ட பிரிண்டுகள், எல்லாமே போய்விட்டன. முதலாளி நிஜமாகவே வருத்தப்பட்டார். "நீ கேப்பேன்னு தெரியாதேப்பா" என்றார். சபாபதி ஒரு டப்பாவின் மூடியைச் சரியாகப் பொருத்தி மூடிவைத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு வேலை கிடைக்காமல் இல்லை. சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் கூப்பிட்டார்கள், போனார். சம்பளம்கூட நல்ல சம்பளம். ஆனால் டேக் சரியா என்று கேட்டால், "சரின்னுதான் நெனைக்கிறேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். அதுவரை சபாபதி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இருமல் வந்தது. பிறகு வீட்டோடு கிடந்தார். அலமேலு அம்மாள்தான் பார்த்துக்கொண்டார்.

நான் கடைசியாகப் போனது போன மாதம். எழுந்து உட்காரக்கூட அவருக்குத் தெம்பில்லை. வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தோம். அம்பத்தூர் ஏரியில் தண்ணீர் ஏறியதைப் பற்றி. நடுவில் நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"அண்ணன் படம் தனியா இருந்துது. கொரலு தனியா இருந்துது. அண்ணி நெஞ்சுல இருந்தது தனியா இருந்துது. மூணும் அது அது பாட்டுக்கு நல்லாத்தான் இருந்துது பெருமாளு. மூணையும் நான் தொட்டேன். மூணும் பூட்ச்சு."

அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அடுப்பங்கரையில் அலமேலு அம்மாளுக்கு அவர் சொன்னது கேட்டிருக்கும். பாத்திரச் சத்தம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது.

துக்கத்துக்குப் போன அன்று புறப்படும்போது அந்த அம்மாள் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார். "தம்பி யாரோட கொரலயெல்லாமோ புடிச்சி வெச்சாரே. அவுரு கொரல யாருனா புடிச்சாங்களா அண்ணா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லதுதான்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

என்னிடம் சபாபதியின் புகைப்படம் கிடையாது. அவர் தொட்ட சாமான் எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் இருட்டறைக் கதவைத் தட்டாமல், வெளியே நின்றபடி அவர் என்னைக் கூப்பிடும் விதம்தான். "பெருமாளு, இன்னொரு தபா பாத்துடலாமா?" என்று, பாதி கேள்வியாக, கடைசிச் சொல்லைச் சற்றுத் தூக்கிக் கேட்பார். அது இன்றைக்கு என் காதில் சரியாகவே இருக்கிறது. அதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதில்லை. வலிய வரவழைப்பதில்லை. தானாக வந்தால் கேட்டுக்கொள்கிறேன். மறுபடி கூப்பிடச் சொல்லிக் கேட்பதில்லை.